எழுந்து போகிற வித்தை

பிப்ரவரி 3

காலையில் கடைக்கு இரண்டு பழைய டீப் ஃப்ரீசர் வந்து இறங்கின. ஏதோ மீன் கடையை மூடினார்களாம். மூடியைத் திறந்ததும் இறக்கிய ஆட்களே முகத்தைத் திருப்பிக்கொண்டு ஓடினார்கள். எனக்கு ஒன்றும் தெரியவில்லை. மருந்து ஏற்ற ஆரம்பித்ததிலிருந்து மூக்கு செத்துக் கிடக்கிறது. நாக்கில் எந்நேரமும் பழைய சாவியைச் சப்புகிற ருசி. பழைய ஃப்ரிட்ஜ் விற்கிற இந்தத் தொழிலுக்கு இதுவும் ஒரு வசதிதான் என்று இவரிடம் சொன்னேன். வீட்டுக்காரருக்குச் சிரிப்பு வரவில்லை. தண்ணீர் டம்ளரை நீட்டினார். இப்போதெல்லாம் எதற்கெடுத்தாலும் தண்ணீர் டம்ளர்தான்.

பின்கட்டு வாஷ்பேசினில் துப்பினேன். துருத் தண்ணீர் நிறம். பழைய ஃப்ரிட்ஜின் அடித்தட்டில் தேங்கி நிற்குமே, அதே நிறம். குழாயைத் திறந்துவிட்டு அது முழுக்கப் போகும்வரை நின்று பார்த்தேன். ஏன் பார்க்கிறேன்? குமட்டுகிறது, ஆனாலும் தினமும் பார்க்கிறேன்.

பிப்ரவரி 6

ஸ்கேன். குழாய்க்குள் படுக்க வைத்து, மூச்சை இழு, பிடி, விடு என்று ஒரு பெட்டி சொல்கிறது. இழுக்க வந்தால் நான் ஏன் இங்கே படுக்கிறேன்?

பிப்ரவரி 11

நெட்டை டாக்டரம்மா திரையைத் திருப்பிக் காட்டினார். போன வருடம் ஊசி போட ஆரம்பித்தபோது நுரையீரலில் சுருங்கிய வெள்ளைப் புள்ளிகள் மறுபடி ஊதியிருக்கின்றன. கல்லீரலில் புதிதாக ஒன்று.

"ஊசி வேலை செய்யறதை நிறுத்திடுச்சும்மா" என்றார். இவர் என் கையைப் பிடிக்க வந்தார். உதறிவிட்டேன். விலை பேசுகிற இடத்தில் கையைப் பிடித்தால் எதிராளிக்கு நம் பயம் தெரிந்துவிடும்.

"அடுத்து என்ன இருக்கு?"

"வேற ஒரு கீமோ இருக்கு. இன்னொண்ணு, இங்கேயே ஒரு ஆராய்ச்சி நடக்குது. உங்க ரத்தத்தை ஒரு மெஷின் வழியா ஓட்டி, அதுல இருக்கிற எதிர்ப்புச் செல்களைப் பிரிச்சு எடுப்போம். லேப்ல சில வாரம் வளர்த்துப் பெருக்கி உங்களுக்கே திருப்பி ஏத்துவோம். இப்போ போடற ஊசியையும் நிறுத்த மாட்டோம். ரெண்டையும் சேர்த்துப் பார்க்கறதுதான் ஆராய்ச்சி."

"அந்த ஊசிதான் செத்துப்போச்சுன்னு சொன்னீங்களே. செத்ததை எதுக்குச் சேர்க்கணும்?"

அவர் பேனாவை எடுத்துப் படம் போட ஆரம்பித்தார். காவல்காரன், திருடன், போர்க்களம். இந்தப் போர்ப் பேச்சைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நிறுத்தச் சொல்லிவிட்டு, எனக்குப் புரிந்த மாதிரி நானே சொன்னேன்.

"ஃப்ரிட்ஜ்ல தெர்மோஸ்டாட்னு ஒண்ணு இருக்கு. உள்ளே குளிர் போதும்னா கம்ப்ரசரை நிறுத்திடும். இந்தக் கட்டி அந்தத் தெர்மோஸ்டாட்டை ஏமாத்துது. குளிரே இல்லாதப்போ 'போதும் போதும்'னு சொல்லுது. நீங்க போடற ஊசி தெர்மோஸ்டாட்டை நேரா இணைச்சு விட்டுடுது, கம்ப்ரசர் ஓடுது. ஆனா உள்ளே கேஸ் தீர்ந்திருந்தா ஓடி என்ன புண்ணியம்? புதுசா கேஸ் நிரப்பப் போறீங்க. நிரப்பிட்டுத் தெர்மோஸ்டாட்டைப் பழையபடி விட்டா அது மறுபடி நிறுத்திடும். அதான் ரெண்டும் வேணும். சரியா?"

டாக்டர் பேனாவை மூடிவிட்டார். "இதை நான் மத்தவங்களுக்கும் சொல்லிக்கலாமா?"

"சொல்லிக்கங்க. ஆனா தெர்மோஸ்டாட் இல்லாம கேஸை ரொப்பி ஓடவிட்டா எல்லாம் உறைஞ்சு குழாய் வெடிக்கும். அதுக்கு என்ன பண்ணுவீங்க?"

"அதுதான் பயமே" என்றார் மறைக்காமல். "எதிர்ப்புச் சக்தி வெறி பிடிச்சு நல்ல உறுப்பையும் தாக்கலாம். ஒருத்தருக்குக் காய்ச்சல் ஏறித் தீவிர சிகிச்சைப் பிரிவு வரைக்கும் போனாரு. அதனால படுக்க வெச்சு கண்காணிப்போம்."

"பலன் இருக்குமா?"

"தெரியாதும்மா. சிலருக்குக் கட்டுப்பட்டிருக்கு. சிலருக்கு ஒண்ணும் நடக்கலை. உங்களுக்குச் செல் சரியா வளருமான்னே இப்போ சொல்ல முடியாது."

என் வாழ்நாளில் இப்படி ஒரு வியாபாரியைப் பார்த்ததில்லை. பக்கத்தில் கொண்டையில் பென்சில் செருகிய ஒரு நர்ஸ். ஆராய்ச்சி வேலையெல்லாம் அவள் பொறுப்பு. செல்லை எந்தக் கம்பெனி ஃப்ரீசரில் வைப்பீர்கள் என்று கேட்டேன். பென்சில் சிரித்தாள். "ஃப்ரீசர் இல்லைம்மா, திரவ நைட்ரஜன் தொட்டி. திறந்தா புகையாக் கொட்டும். உங்க கடை ஃப்ரீசரெல்லாம் அதுக்கு அடுப்பு மாதிரி."

அப்புறம் டாக்டர் சொன்னார்: "மொத்தமே கொஞ்சம் பேரைத்தான் சேர்க்கிறோம். இப்போதைக்கு ஒரே ஒரு இடம்தான் பாக்கி."

அங்கேதான் எனக்கு மணி அடித்தது. 'ஒண்ணே ஒண்ணுதான் பாக்கி' என்பது நான் தினமும் கடையில் சொல்கிற பொய். பின்கட்டில் ஏழெட்டு அடுக்கியிருக்கும்போதே சொல்வேன்.

வாங்க வந்தவள் முகத்தில் ஆசை தெரியக் கூடாது. வீடு வீடாகப் போய் ஓடாத ஃப்ரிட்ஜை வாங்கித் துடைத்து விற்ற காலத்தில் கற்றது இது. சரக்கில் ஒரு குறை சொல்லு. யோசிக்கிறேன் என்று சொல்லு. மெதுவாக எழு. பையை இன்னும் மெதுவாக எடு. கதவருகே நின்று கைக்குட்டை தேடு. அதற்குள் கூப்பிடுவான். கூப்பிட்டவன் விலையை இறக்கித்தான் ஆக வேண்டும்.

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தேன். கதவருகே கைக்குட்டை தேடினேன். யாரும் கூப்பிடவில்லை. பென்சில் கதவைத் திறந்து பிடித்தாள், நான் போக வசதியாக.

வெளியே வந்ததும் இவர் கேட்டார், "ஏன் சரின்னு சொல்லலை?"

"கூப்பிடுவாங்க. பேசாம வாங்க."

பிப்ரவரி 13

கூப்பிடவில்லை.

பிப்ரவரி 15

நெட்டைக்குத் திமிர்தான். நல்ல சரக்கு வைத்திருப்பவள் திமிர். இல்லாவிட்டால் நான் போனது நல்லது என்று நினைத்திருப்பாளோ? ஒரு தொல்லை ஒழிந்தது என்று? இருமல் இரவெல்லாம். இவர் தண்ணீர் டம்ளரோடு நிற்கிறார். டம்ளரைத் தட்டிவிட்டேன். குனிந்து துடைத்தார். அவர் திட்டியிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

பிப்ரவரி 17

எதிர்க்கடை சோபாக்காரி பார்க்க வந்தாள். ஆரஞ்சுப் பழப் பையை மடியிலேயே வைத்துக்கொண்டு, "தப்பா நினைக்காதீங்க… உங்களுக்குச் சிகரெட் பழக்கம் ஏதாச்சும்?" என்றாள்.

தப்பாக நினைக்காமல் வேறு எப்படி நினைப்பதாம்? புகை பிடித்திருந்தால் அவளுக்கு நிம்மதி. இவளுக்கு வரவேண்டியதுதான் வந்தது, எனக்கு வராது என்று வீட்டுக்குப் போய்ச் சாப்பிடுவாள். "ஆமா, தினம் ரெண்டு பாக்கெட், உங்க கடைக்குப் பின்னாடி நின்னுதான்" என்றேன். நம்பிவிட்டாள். முகத்தில் எத்தனை நிம்மதி! தூ.

பழத்தையும் திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டாள், மறந்து.

பிப்ரவரி 20

தம்பி வந்தான். என் உடன்பிறந்தவன், நல்லவன், ஆனால் செல்போனில் எவன் கோட்டு போட்டுக்கொண்டு பேசினாலும் நம்புகிறவன்.

"அக்கா, அந்தப் பெரிய ஆஸ்பத்திரியை விடு. அதே செல் வைத்தியம் இங்கே தனியாரா ஒருத்தர் பண்றாரு. க்யூவே இல்லை. ஆராய்ச்சி கீராய்ச்சின்னு உன்னை எலியாக்க மாட்டாங்க."

என் நம்பரை அவர்களிடம் ஏற்கெனவே கொடுத்துவிட்டான். சாப்பிட உட்காருவதற்குள் அங்கிருந்து மூன்று அழைப்பு. "மேடம், உங்க உடம்பு எப்படி இருக்கு மேடம்?" பெற்ற தாய் கேட்பது போல ஒரு குரல். முகம் தெரியாதவன் இவ்வளவு பாசமாகக் கேட்டால் எனக்கு முதுகு கூசும்.

ஆனாலும் போகலாம் என்றேன். பெரிய ஆஸ்பத்திரியிலிருந்து ஒரு அழைப்பு இல்லையே. இங்கேயாவது கூப்பிடுகிறார்கள்.

பிப்ரவரி 22

பார்த்தாயிற்று. எழுதவே கை கூசுகிறது, இருந்தாலும் எழுதிவைக்கிறேன்.

உள்ளே நுழைந்ததும் சுவரில் செயற்கை அருவி. எனக்கே தெரிகிற அளவுக்கு வாசனைத் திரவியம். நோய்க்காரி ஒருத்தியையும் காணோம். திரையில் ஒரு ஆள் கடற்கரையில் ஓடிக்கொண்டே இருக்கிறான், விடாமல். நுரையீரல் நோயாளியாம். அவன் ஓடுகிற ஓட்டத்துக்கு எனக்கு இங்கே மூச்சு வாங்கியது.

கோட்டுக்காரன் வந்தான். டாக்டரா என்று கேட்டால், "உங்க ஆரோக்கிய ஆலோசகர் மேடம்" என்கிறான். என்னைப் போல விற்கிறவன். பார்த்ததும் தெரிந்தது. எச்சில் ஊறிய வாய், ஊறாத மாதிரி முகம்.

"உங்க செல், உங்க உடம்பு, பக்க விளைவே கிடையாது மேடம். முழுக்க இயற்கை."

"காய்ச்சல் வருமா?"

"வரவே வராது மேடம்."

"வந்தா யாரு பார்ப்பாங்க? படுக்கை இருக்கா இங்கே?"

"அந்தப் பேச்சே தேவைப்படாது மேடம்!"

ரிப்பேரே வராத ஃப்ரிட்ஜ் என்று நானும் விற்றிருக்கிறேன். எந்த ஃப்ரிட்ஜைப் பற்றி அப்படிச் சொல்வோம் என்று எனக்குத் தெரியாதா?

"நான் போட்டுட்டிருக்கிற ஊசியோட இதைச் சேர்க்கலாமா? கூடாதா?"

அவன் அரை நொடி என் முகத்தைப் பார்த்தான். எனக்கு எது பிடிக்கும் என்று தேடினான். "உங்களுக்கு எப்படி விருப்பமோ அப்படி மேடம். சேர்க்கணும்னா சேர்க்கலாம், வேண்டாம்னா வேண்டாம்."

சேர்த்தால் வெடிக்கலாம் என்று நெட்டை சொன்ன விஷயம். இவனுக்கு அது சட்டைக்கு எந்த நிறப் பொத்தான் என்பது போல.

கடைசியில் 'செல் வங்கி' என்று கூட்டிப்போனான். கண்ணாடிச் சுவருக்கு அந்தப் பக்கம் நீல விளக்கு. நடுவில் பளபளவென்று ஒரு வெள்ளிப் பெட்டி. தம்பி கைகட்டி நின்றான், கோயிலுக்குள் வந்தவன் போல. நான் கண்ணாடியில் மூக்கை ஒட்டிப் பார்த்தேன்.

ஐஸ்கிரீம் பெட்டி.

வளைந்த கண்ணாடி மூடியை எடுத்துவிட்டு ஸ்டீல் தகடு அடித்திருக்கிறார்கள். உடம்புக்கு வெள்ளி ஸ்டிக்கர். காற்றுத் துவாரம் வலது பக்கம் கீழே, கால் சக்கரம் நான்கு. இந்த ரகத்தில் எத்தனை பெட்டி என் கை வழியாகப் போயிருக்கிறது! வெனிலாவை இறுக்கி வைக்கும், அவ்வளவுதான் அதற்குக் கெட்டித்தனம். பென்சில் சொன்ன தொட்டி இதுவல்ல. இதற்குள் நிஜமாகவே எவன் செல்லாவது இருக்கிறதா, இல்லை ஐஸ்கிரீம்தான் இருக்கிறதா?

"யோசிச்சுச் சொல்றேன்" என்று எழுந்தேன். பையை மெதுவாகக்கூட எடுக்கவில்லை. கதவுவரை போவதற்குள் கோட்டுக்காரன் ஓடி வந்துவிட்டான். "மேடம், இன்னைக்குப் பதிவு பண்ணா பாதி!" லிஃப்ட் வாசலில், "மேடம், பாதியிலும் பாதி!" லிஃப்ட் கதவு மூடும்போது கையை உள்ளே விட்டு, "மேடம், கூட வர்றவருக்கும் ஒரு டோஸ் இலவசம்!"

தம்பி என்னைப் பார்த்தான். "அக்கா… எனக்கும் இலவசமாம்" என்றான். குரலில் சுரத்தே இல்லை.

என் வித்தை இங்கே எத்தனை அழகாக வேலை செய்தது! தெருவுக்கு வந்ததும் ஓரமாக நின்று வாந்தி எடுத்தேன். மருந்தாலா, வாசனைத் திரவியத்தாலா, தெரியவில்லை.

கூப்பிடுகிறவனிடம் சரக்கு இல்லை. அப்படியானால் கூப்பிடாதவளிடம்…

பிப்ரவரி 23

இதை எழுதும்போதே என் மேலேயே எரிச்சலாக வருகிறது. நிஜத்தை நிஜமாகச் சொன்னவளைப் பொய் சொல்கிறாள் என்று நினைத்தேன். ஏன்? அதே வாக்கியத்தை நான் பொய்யாகச் சொல்கிறவள், அதனால். ஊரையெல்லாம் என் கடை என்று நினைத்துவிட்டேன்.

பிப்ரவரி 24

திறக்கும் முன்பே போய் வாசலில் உட்கார்ந்தேன். பென்சில் வந்தாள்.

"அம்மா, நீங்க வேண்டாம்னு முடிவு பண்ணிட்டீங்கன்னு நினைச்சோம்."

"ஏன் ஒரு போன் பண்ணிக் கேட்கலை?"

"கேட்கக் கூடாதும்மா. ஆராய்ச்சிக்கு வாங்க வாங்கன்னு யாரையும் துரத்தக் கூடாது. விதி. நீங்களா யோசிச்சு நீங்களா வரணும்."

"அந்த இடம்?"

"போயிடுச்சும்மா. நீங்க போன மூணாம் நாள். ஒரு பஸ் டிரைவர்."

சுவரைப் பிடித்துக்கொண்டேன். இவர் பின்னாலேயே நின்றார். உனக்கு நான் அப்போதே சொன்னேனே என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த ஒரு வார்த்தையைச் சொல்லித் தொலைத்திருக்கலாம்.

டாக்டர் அறைக்குள் போனேன். என்ன சொல்ல வேண்டும் என்று வழியெல்லாம் யோசித்து வைத்திருந்தேன். இன்னொருத்தரைச் சேர்த்தால் உங்கள் ஆராய்ச்சிக்குத்தானே லாபம், ஐஸ்கிரீம் பெட்டியைப் பற்றி ஒரு தகவல் தருகிறேன் என்றெல்லாம். வாயைத் திறந்தேன். இருமல்தான் வந்தது. இருமி முடித்து, கைக்குட்டையை மடக்கிக்கொண்டு சொன்னேன்.

"எனக்கு வேணும் டாக்டர். அன்னைக்கு நடிச்சேன். ரொம்ப வேணும்."

இத்தனை வயதில் யாரிடமும் இந்த வார்த்தையைச் சொன்னதில்லை. கல்யாணத்துக்குக்கூட "யோசிச்சுச் சொல்றேன்" என்றுதான் சொன்னேன். இவர் இரண்டு முறை வந்து கேட்டார்.

நெட்டை உடனே இளகிவிடவில்லை. "காத்திருப்போர் வரிசையில போடறேன். இடம் வந்தாத்தான். அதுவரைக்கும் உங்க காலால நடந்து வர்ற நிலைமையில இருக்கணும். இருமலுக்கு யார் ஸ்டீராய்டு மாத்திரை குடுத்தாலும் தொடாதீங்க. அது எதிர்ப்புச் செல்லைத் தூங்க வெச்சிடும், உங்களைச் சேர்க்க முடியாது. மூச்சு முட்டினா நேரா இங்கே வாங்க, அப்போ எது தேவையோ அதைப் பண்ணுவோம்."

ஐஸ்கிரீம் பெட்டி சமாசாரத்தையும் சொன்னேன், எதுவும் கேட்காமல். முகம் கறுத்துப்போய், எங்கே புகார் கொடுக்க வேண்டும் என்று எழுதிக் கொடுத்தார். தம்பியை அனுப்பியிருக்கிறேன். அவனும் ஏதாவது உருப்படியாகச் செய்யட்டும்.

மார்ச் 1

நடக்கிறேன். வீட்டு வாசலிலிருந்து தெருமுனை, மறுபடி வாசல். சோபாக்காரி கடையிலிருந்து பார்க்கிறாள். பார்க்கட்டும்.

மார்ச் 4

தெருமுனை டாக்டர் இருமலுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்தார். இன்று இரண்டு போட்டால் நாளை பாட்டுப் பாடலாம் என்றார். என்ன மாத்திரை என்று கேட்டேன். அதேதான். அவர் மேசை மேலேயே வைத்துவிட்டு வந்தேன். இன்று பாடவில்லை. குரைத்தேன்.

மார்ச் 7

ஒன்று எழுத வேண்டும். யாரிடமும் சொல்ல முடியாது.

என் இடம் வர வேண்டுமானால் வேறு யாருக்காவது கெட வேண்டும். தினமும் போனைப் பார்க்கிறேனே, எதற்காகக் காத்திருக்கிறேன்? முகம் தெரியாத ஒருத்தன் கழிந்து போகட்டும் என்று. கடையை மூடுகிறவன் வாசலில் போய்ப் பல்லை இளித்துக்கொண்டு நிற்போமே, எந்த ஃப்ரிட்ஜ் மலிவாகக் கிடைக்கும் என்று. அதே நிற்பு. என்ன பிறவி நான்.

காத்திருப்பதை நிறுத்த முடிகிறதா? முடியவில்லை.

மார்ச் 12

பென்சில் அழைத்தாள். "ஒரு இடம் வந்திருக்கும்மா. நாளைக்கு வர முடியுமா?"

"வர்றேன்" என்றேன். ஏன் வந்தது என்று கேட்கவில்லை.

மார்ச் 13

பரிசோதனை எல்லாம் தேறிவிட்டேன். தாழ்வாரத்தில் என் பக்கத்தில் ஒரு ஆள், தலையில் தொப்பி, மடியில் ஸ்கேன் படச் சுருள். இரண்டு முறை என்னையே பார்த்தார்.

"புதுசா சேர்ந்தது நீங்கதானா?"

"ஆமா."

"அது என் சீட்டு" என்றார். பஸ் டிரைவர். செல் எடுப்பதற்கு முன் எடுத்த படத்தில் மூளைக்கு ஏறிவிட்டது தெரிந்திருக்கிறது. விதிப்படி சேர்க்க முடியாதாம். இப்போது தலைக்குக் கதிர் கொடுக்கிறார்கள்.

எனக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. "நீங்கதான் என் சீட்டுல உட்கார்ந்தீங்க. அது முதல்ல என்னுது" என்று சொல்லிவிட்டேன். என்ன வாய் இது!

அவர் சிரித்தார். நிஜமாகவே சிரித்தார், தொப்பி நழுவுகிற அளவுக்கு. "ஓஹோ, இறங்கிப்போன பாசஞ்சர் நீங்கதானா? சரி, ஏறிட்டீங்கல்ல, கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கங்க. ரோடு சரியில்லை."

வீட்டுக்கு வந்து அழுதேன். பயமில்லை. வெட்கம்.

மார்ச் 18

ரத்தம் எடுத்தார்கள். ஒரு கையில் போகிறது, மெஷினுக்குள் சுற்றுகிறது, மறு கையில் திரும்பி வருகிறது. இடையில் தங்கிவிட்டதுதான் சரக்கு. சின்னப் பையில் சாயம்போன தக்காளி ரசம் மாதிரி. உதடு மரத்துப்போனது. மெஷினின் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே படுத்திருந்தேன். பேரிங் நன்றாக இருக்கிறது. இவர் கையைப் பிடித்துக்கொண்டார். இரண்டு கையிலும் ஊசி, உதற முடியாது. விட்டுவிட்டேன்.

மார்ச் 27

செல் வளர்கிறதா? "வளருது, ஆனா மெதுவா" என்றாள் பென்சில். என்னுடையதுதானே. முதலில் யோசித்துச் சொல்கிறேன் என்றுதான் சொல்லும்.

ஏப்ரல் 15

ஏற்றினார்கள்.

முதலில் சில நாள் கீமோ, உள்ளே இடம் காலி செய்ய. குடலே வெளியே வந்துவிட்டது போல. பிறகு அந்தப் பை வந்தது. புகை கக்குகிற தொட்டியிலிருந்து எடுத்து, கட்டிலருகே வெதுவெதுப்பான தண்ணீரில் உருக்கினார்கள். எனக்கு அந்தத் தொட்டியைத் திறந்து காட்டினார்கள், கேட்டதற்காக. வெள்ளைப் புகை தரையில் வழிந்தது. முப்பது வருடம் குளிர் விற்றவள், குளிரை இன்றைக்குத்தான் பார்த்தேன்.

பை ஒரு டம்ளர்கூட இருக்காது. கலங்கல் தண்ணீர். இதற்காகவா இத்தனையும்?

ஏறி முடிவதற்குள் தொண்டையில் பூண்டு நாற்றம். என் மூச்சு, வியர்வை, தலையணை, எல்லாம் பூண்டு. செல் உறையும்போது உடையாமல் இருக்கச் சேர்க்கிற மருந்தின் வேலையாம். அறைக்குள் வந்த துப்புரவுக்காரம்மா ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனாள். இவர் மூக்கைப் பொத்தவில்லை. முகம் கோணுகிறது, ஆனால் பொத்தவில்லை. பைத்தியம்.

இத்தனை நாளாகச் செத்துக் கிடந்த மூக்குக்கு முதலில் தெரிந்த நாற்றமே என்னுடையதுதானா?

ஏப்ரல் 17

காய்ச்சல். பல் கிட்டியது, கட்டில் ஆடியது. குழாய் வெடிக்கிற நேரம் இதுதானா என்று கேட்டேனாம். நெட்டை ராத்திரி பகல் பார்க்காமல் வந்து நின்றாராம். எனக்கு நினைவில்லை.

ஏப்ரல் 20

இறங்கியது. உடம்பைத் துடைக்க வந்தவளைத் திட்டினேன். "திட்டறாங்க, தேறிட்டாங்க" என்று போய்ச் சொல்லியிருக்கிறாள்.

மே 6

பழைய ஊசி மறுபடி போட்டார்கள். தெர்மோஸ்டாட். டாக்டர் அதே பெயரில்தான் எல்லோரிடமும் சொல்கிறாராம். பக்கத்துக் கட்டில்காரி என்னிடமே அதை விளக்க வந்தாள், தப்பும் தவறுமாக. கேட்டுக்கொண்டேன்.

ஜூன் 19

படம். கட்டி ஒன்று கொஞ்சம் சுருங்கியிருக்கிறது. மற்றவை "அப்படியே இருக்கு". குணம் என்று சொல்ல மாட்டேன், எத்தனை நாளைக்கு இப்படி என்றும் தெரியாது என்றார் நெட்டை. அசையாமல் கிடக்கிற சரக்கைப் பார்த்தாலே எனக்கு எரியும். இன்று 'அப்படியே இருக்கு' என்பதை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டேன்.

பஸ்காரரைப் பற்றிப் பென்சிலிடம் கேட்டேன். மற்றவர்களைப் பற்றிச் சொல்லக் கூடாது என்றாள். நான் நகரவில்லை. குனிந்து காகிதத்தை அடுக்கிக்கொண்டே, "தொப்பியை மட்டும் அவங்க வீட்ல வந்து வாங்கிட்டுப் போனாங்க" என்றாள்.

ஜூலை 2

கடையில் முழு நாள். தூசிக்கு முகமூடி. மீன் கடை ஃப்ரீசர் இரண்டும் இன்னும் போகவில்லை. இன்று எனக்கே நாறியது. ஆளை விட்டு மறுபடி கழுவச் சொன்னேன்.

மதியம் ஒரு பெண் வந்தாள். புதிதாக ஜூஸ் கடை போடுகிறாளாம். நின்ற வாக்கில் ஒரு கண்ணாடிக் கதவு ஃப்ரிட்ஜைப் பிடித்துக்கொண்டாள். கண் அதை விட்டு நகரவில்லை. வாய் மட்டும், "கதவு கொஞ்சம் தொங்குதே… ரப்பர் பழசு… யோசிச்சுச் சொல்றேன்" என்றது. மெதுவாகத் திரும்பினாள். பையை இன்னும் மெதுவாகத் தோளில் மாட்டினாள். வாசலில் நின்று குடையைத் தேடினாள். குடை கையில்தான் இருந்தது.

கூப்பிடக் கூடாது, அதுதான் கணக்கு. என் கடையில் நான் யாரையும் கூப்பிட்டதில்லை.

"ஏம்மா" என்றேன். "இங்கே வா. குடையைத் தேடாதே. அது உனக்கு வேணுமா, வேண்டாமா?"

திருதிருவென்று விழித்தாள். "…வேணும்கா."

"அதை முதல்ல சொல்லித் தொலை. ரப்பர் மாத்தித் தர்றேன். அந்த ரகத்துல பின்னாடி இன்னும் நாலு இருக்கு, அதையும் பார்த்துட்டு நல்லதா எடு."

இவர் மூலையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். புரையேறிவிட்டது. நான் போய்த் தலையில் தட்டினேன்.

கடை மூடுமுன் பின்கட்டில் துப்பினேன். வெறும் எச்சில். குழாயைத் திறந்துவிட்டேன், நின்று பார்க்கவில்லை.